காலைக் காட்சிக்கு ஒரு கருப்பு வெள்ளைப் படம்: எதைப் போடலாம், எப்படிப் போட வேண்டும்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. இங்கே மிச்சமிருக்கிற ஒரே தியேட்டரின் முதலாளியிடம் பேசிப் பேசி, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை எங்களுக்கு விட்டுத் தரச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். நாங்கள் என்றால் ஊர் நூலகத்தில் சந்தித்துக்கொள்ளும் பத்துப் பதினைந்து பேர். ஓய்வுபெற்ற வாத்தியார்களும் உண்டு, கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. போடுவது கருப்பு வெள்ளைப் படம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம், எந்தப் படம் என்பதில்தான் தினமும் வாக்குவாதம்.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொல்வது இது: யூடியூபில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வாருங்கள், போட்டுவிடலாம். பழைய படம் சதுரமாக இருக்கும், இரண்டு பக்கமும் கருப்பாக விழும், ஜனங்கள் கத்துவார்கள், அதனால் திரை முழுக்க இழுத்து விட்டுவிடலாம். கலர் ஏற்றின படம் ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றுமே எனக்கு உறுத்துகிறது, ஆனால் ஏன் கூடாது என்று அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

டிவியில் நூறு தடவை போட்ட படத்துக்கு யார் காசு கொடுத்து வருவார்கள் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். நான் 90களில் பிறந்தவன், பழைய படமெல்லாம் எனக்கு வீட்டு டிவியில் அறிமுகமானதுதான். சென்னையில் ஒரு சங்கத்தின் திரையிடலில் ஒரு பழைய படத்தைப் பெரிய திரையில் பார்த்தபோதுதான், கதாநாயகியின் கண்மணிக்குள் ஸ்டுடியோ விளக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்பதும், அழுகை வருவதற்கு முன்னால் அது லேசாக நடுங்குவதும் தெரிந்தது. அதே படத்தை டிவியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளி கண்ணில் பட்டதே இல்லை. அதை எங்கள் ஊர்க்காரர்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எந்தப் படம் போடலாம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும், சொல்லுங்கள்.

கேபின்காரர் எழுதியது:

தம்பி, தஞ்சாவூர் ஜில்லாக் கொட்டகைகளில் கார்பன் விளக்குக் காலத்திலிருந்து படம் ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்தவன் நான். படம் எது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும், நான் கேபின் (புரொஜெக்டர் அறை) பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாளிக்குக் கணக்காகச் சொல்லுங்கள், கணக்கு என்றால் அவருக்குப் புரியும். பழைய படத்தின் சட்டம் (ஃபிரேம்) உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் ஊர்த் திரை ஸ்கோப் திரையாகத்தான் இருக்கும், அதாவது உயரம் 1க்கு அகலம் ஏறத்தாழ 2.35. உயரத்துக்குச் சரியாகப் போட்டால் திரையின் அகலத்தில் நூற்றுக்கு 58 பங்கில்தான் படம் நிற்கும். முழு அகலத்தையும் நிரப்பியே தீரவேண்டும் என்றால் இரண்டே வழி. பக்கவாட்டில் இழுக்கலாம், அப்போது எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள், பத்மினி ஆடினால்கூட அந்த அங்கசுத்தம் திரையில் இருக்காது. இல்லையென்றால் மேலேயும் கீழேயும் வெட்ட வேண்டும், அப்போது காமிராக்காரர் எடுத்ததில் நூற்றுக்கு 42 பங்கு போய்விடும். 42 பங்கு! அரிசி மூட்டையில் யாராவது அவ்வளவு குறைத்துக் கொடுத்தால் உங்கள் முதலாளி வாங்குவாரா என்று கேளுங்கள்.

நான் வெறும் வாயால் சொல்லவில்லை. சில வருஷம் முன்னால் புதுப்பித்த பழைய படம் ஒன்றைப் பார்க்கப் போனேன், ஸ்கோப்புக்காக வெட்டியிருந்தார்கள். நெருக்கக் காட்சி வரும்போதெல்லாம் நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை, நாட்டியத்தில் பாதம் இல்லை. பாதம் தெரியாத பரதத்தை என்னவென்று பார்ப்பது? அந்த வெட்டு என்னைப் பல நாள் வருத்தியது. எங்கள் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் புரொஜெக்டரில் பிலிம் ஓடுகிற வாயிலில் வைக்க ஒரு தகடு உண்டு, லென்ஸ் தனி, தகடு மாற்றாமல் ஓட்டினால் தரை டிக்கெட்டிலிருந்தே சத்தம் வரும்.

பக்கத்தில் விழுகிற கருப்புக்கு வழி இருக்கிறது. திரைக்கு இரண்டு பக்கமும் நகர்கிற கருப்புத் துணி இருந்தால் (மாஸ்கிங் என்போம்) அதைப் படத்தின் விளிம்பு வரை கொண்டுவந்துவிடுங்கள். பல தியேட்டர்களில் அது துருப்பிடித்து ஒரே இடத்தில் நின்றுபோயிருக்கும். அப்படியானால் பந்தல்காரரிடம் மட்டமான கருப்புத் துணி வாங்கி, பளபளப்பு இல்லாத துணியாகப் பார்த்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் போதும். கருப்புத் துணி விளிம்பு கட்டிவிட்டால் படம் சின்னதாகத் தெரியாது. துணி இல்லாமல் சாம்பலாகப் பக்கம் விழுந்தால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், ஜனங்கள் கத்துவதும் அதற்குத்தான்.

அப்புறம் இருட்டு. கருப்பு வெள்ளைப் படத்துக்கு இருட்டுதான் பாதி மூலதனம். காலைக் காட்சி என்கிறீர்கள், கதவு திறக்கும்போதெல்லாம் வெயில் உள்ளே வரும், அதனால் கதவுக்கு உள்பக்கம் கனமான படுதா போடுங்கள். வழி காட்டும் விளக்குகளைத் தரையோடு மட்டும் விடுங்கள். திரைக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகையில் விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

சத்தம் இன்னொன்று. அந்தக் காலப் படங்கள் ஒற்றை ஒலித்தடம், திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில் மட்டும் வர வேண்டும். சுற்றி இருக்கிற எல்லா ஸ்பீக்கரிலும் பரப்பிவிட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். முந்தின நாள் ராத்திரி கடைசி ஆட்டம் முடிந்ததும் ஒரு பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். ஆபரேட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

நிழலாட்டம் எழுதியது:

கேபின்காரர் ஐயா சொன்னதற்கு மேல் தொழில்நுட்பத்தில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எந்தப் படம் என்பதற்கு என் பதில் ‘அந்த நாள்’.

1954இல் ஏவிஎம் எடுத்தது, எஸ். பாலச்சந்தர் இயக்கியது, ஆமாம், அதே வீணை பாலச்சந்தர்தான். பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு படத்தில் பத்துப் பாட்டு என்பதெல்லாம் சாதாரணம், அப்படிப்பட்ட நேரத்தில் இது வந்திருக்கிறது. 1943 அக்டோபரில் சென்னை மேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் நடக்கிற கதை. எடுத்த எடுப்பிலேயே சிவாஜியைச் சுட்டுவிடுகிறார்கள், சுட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, அந்த மனிதன் ஒவ்வொருவர் வாயிலும் வேறு வேறு ஆளாக மாறுகிறான். (இங்கே பதில் போடுகிறவர்கள் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கும் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

டிவியில் பார்த்தால் இது வெறும் துப்பறியும் கதை. எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவு என்ன செய்திருக்கிறது என்பது பெரிய திரையில்தான் தெரியும். முகத்தில் பாதிக்கு மட்டும் வெளிச்சம் வைத்து மறுபாதியை விட்டுவிடுவார், அந்த இருண்ட பாதியில் ஆள் என்ன நினைக்கிறான் என்று நாம் தேடிக்கொண்டே இருப்போம். செல்பேசியில் அந்தப் பாதி ஒரே மைப்பூச்சு. தியேட்டரில் அதே கருப்புக்குள் கன்னத்தின் வளைவு தெரியும், பின்னால் இருக்கிற சுவர் தெரியும். கருப்புக்குள் இத்தனை கருப்பு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கலர் ஏற்றுவது பற்றி. ‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்குப் பதிப்புக்கு நிறம் ஏற்றி 2010இல் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ரசித்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1957இல் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ஸ்டுடியோவுக்குள் விளக்குகளை வைத்தே ஒரு நிலா இரவை உண்டாக்கினார். தண்ணீரில் மினுங்குவதும் துணி மேல் விழுவதும் எல்லாம் வெள்ளியின் அளவுகள்தான். அதன் மேல் நீலம் பூசினால் நமக்குக் கிடைப்பது நீலம், பார்ட்லியின் நிலா கிடைக்காது. அந்தக் காலத்தில் சுவருக்குப் பூசும் சாயத்தையும் புடவையின் நிறத்தையும், படத்தில் அது எந்த அளவு சாம்பலாக வரும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நேரில் பார்த்தால் பொருந்தாத நிறங்கள்கூடப் படத்தில் பொருந்தும். அதனால் கலர் இல்லாத குறையாக அதை நினைக்கவே கூடாது.

‘மீரா’ (1945) எடுத்தபோது இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையை மார்பளவுச் சிலையாகச் செய்துவைத்து, எந்தக் கோணத்தில் விளக்கு வைத்தால் முகம் எப்படி வருகிறது என்று அந்தச் சிலை மேல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே அவர் முகத்தின் வெளிச்சம் தீர்மானமாகிவிட்டது. அவ்வளவு உழைப்பை நாம் உள்ளங்கை அளவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் வெயிலில், பஸ்ஸில்.

வைகை மீனா எழுதியது:

நிழலாட்டம் சொல்கிற படம் எனக்கும் உயிர். ஆனால் காவிரிக்கரை, முதல் காட்சிக்கு அது வேண்டாம். சின்ன ஊரில் காசு கொடுத்து வருகிற அம்மாக்களும் தாத்தாக்களும் பாட்டுக்காகத்தான் பாதி வருவார்கள், அதில் தப்பே இல்லை. பாட்டு வந்ததும் தியேட்டரே மெல்ல முணுமுணுக்க ஆரம்பிக்கும் பாருங்கள், அது வீட்டில் கிடைக்காது.

நான் மதுரைக்காரி. எங்கள் ஊர் தங்கம் தியேட்டர் 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடியது, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையாகச் சொல்லும். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடுதான் திறந்தார்கள். என் அம்மா அங்கே படம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். ஒரு வசனத்துக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைதட்டினால் நெஞ்சுக்குள் அடிக்கும் என்பார். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை, இடித்தாகிவிட்டது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டின வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, கடைசிக் காலத்திலும் பழைய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தது. அதையும் இடித்துவிட்டார்கள். அதனால் உங்கள் முதலாளி ஒரு காலைக் காட்சி தருகிறார் என்றால் அந்த மனிதரைக் கோபித்துக்கொள்ளாமல் பக்குவமாகப் பேசுங்கள்.

என் ஓட்டு ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. 1962, ஸ்ரீதர். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது, மூன்றே பேரின் மனசுதான் கதை. இப்படிச் சொன்னால் நாடகம் மாதிரி இருக்குமோ என்று தோன்றும், ஆனால் ஏ. வின்சென்ட்டின் காமிரா அந்த அறையைச் சும்மா விடவில்லை. ‘சொன்னது நீதானா’ பாட்டில் கட்டிலில் முத்துராமன், கீழே சிதாரோடு தேவிகா. காமிரா கட்டிலுக்கு அடியில் புகுந்து போகிறது. சின்னத் திரையில் ‘அட, புதுசாக இருக்கிறதே’ என்று கடந்துவிடுவோம். பெரிய திரையில் நாமே தரையோடு தரையாகப் போகிற மாதிரி இருக்கிறது, தலைக்கு மேலே சாகக் கிடக்கிற புருஷன், எதிரே அவர் கேட்ட கேள்வியைத் தாங்க முடியாத பெண்சாதி. அம்மாவை ஒரு சிறப்புக் காட்சிக்குக் கூட்டிப்போனபோது அந்த இடத்தில் என் கையைப் பிடித்தவர் பாட்டு முடிகிறவரை விடவில்லை. பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வரிசை இருந்தார்கள், ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

‘பாசமலர்’ என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நல்ல படம்தான், சாவித்திரியின் முகத்தைப் பெரிதாகப் பார்ப்பதே ஒரு பாக்கியம். ஆனால் அதன் கடைசிக் காட்சியை ஆளாளுக்குப் பேசிக்காட்டிப் பேசிக்காட்டியே பிள்ளைகளிடம் சிரிப்பாக்கி வைத்திருக்கிறார்கள். முதல் முறை பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிட்டால் பெரியவர்கள் மனசு உடைந்துவிடும். இரண்டு மூன்று காட்சிகள் நடத்தி, கூட்டம் ஒன்று பழகின பிறகு அதைப் போடுங்கள்.

தெம்பனிஸ் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஓல்டம் என்கிற அரங்கை 2019இலிருந்து நடத்துகிறது. சின்ன அரங்குதான், ஆனால் சட்டத்தைச் சரியாக வைப்பார்கள், இருட்டு சரியாக இருக்கும். புதுப்பித்த கருப்பு வெள்ளைப் படங்களில் இங்கே முக்கியமான ஒன்று ‘சும்பா பொந்தியானாக்’, 1958இல் வந்த மலாய்ப் பேய்ப் படம். தமிழர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. இயக்கியவர் பி.என். ராவ், நம் ஊரில் 1945இல் ‘சாலிவாகனன்’ எடுத்தவர். அவர் 1957இல் எடுத்த முதல் இரண்டு பொந்தியானாக் படங்களின் பிரிண்ட் உலகத்தில் எங்கேயும் இல்லை. மூன்றாவதான இந்தப் படம் தப்பித்தது, அதனால்தான் இருட்டில் உட்கார்ந்து பயப்பட முடிகிறது. நம் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) கதையும் இதுதான், ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

நல்ல பிரதி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சொல்வேன். அதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகிப்போனது. கருகினதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் உள்ள லேபில் சுருளைப் பக்குவப்படுத்தி, ஒட்டி, சரிப்படுத்தி, ஸ்கேன் செய்து, போன இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பி, 2015இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். நாணல் காட்டுக்குள் பிள்ளைகள் ஓடி, ரயில் வருகிற இடத்தில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக அசைவது தெரிகிறது. யூடியூப் பிரதியில் அது வெறும் வெள்ளைப் புகை.

அதனால் யூடியூப் வேண்டவே வேண்டாம். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை எப்போதோ டிவிக்காக வீடியோ டேப்பில் மாற்றினவை, மூலையில் சேனல் முத்திரை வேறு. தியேட்டரின் டிஜிட்டல் புரொஜெக்டர் 2கே என்றாலும் நம் 1.37 சட்டத்துக்கு 1480க்கு 1080 புள்ளிகள் கிடைக்கும், நல்ல ஸ்கேனுக்கு அது தாராளம். உரிமைக்காரரிடமிருந்து நல்ல கோப்பு வாங்கிவிட்டால் அதை டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் கோப்பு) ஆக மாற்றுவது பெரிய வேலை இல்லை, இலவச மென்பொருளே இருக்கிறது. மாற்றும்போது ‘ஃபிளாட்’ (உயரம் 1க்கு அகலம் 1.85) சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் கருப்பு விட்டுத் தயார் செய்யுங்கள், அப்போது தியேட்டரில் யாரும் கைவைக்க வேண்டிய அவசியமே வராது.

நிழலாட்டத்திடம் ஒரு சின்ன மாறுபாடு. கருப்பின் ஆழம் மட்டும்தான் முக்கியம் என்றால், இன்றைக்கு நல்ல ஓலெட் டிவியில் சாதாரணத் தியேட்டரைவிட ஆழமான கருப்பு வருகிறது. பெரிய திரையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படத்தை நிறுத்த முடியாது, எழுந்து போக முடியாது, ஒரு முகம் நம்மைவிடப் பெரிதாக நின்றுகொண்டிருக்கும்போது வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தக் கால இயக்குநர்கள் ஒரு காட்சியை நீளமாக விட்டதெல்லாம் இப்படி உட்கார்ந்திருக்கிற ஜனங்களை மனதில் வைத்துத்தான்.

நிழலாட்டம் எழுதியது:

தெம்பனிஸ், ஓலெட் விஷயம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டிவி இருக்கிற வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும், அடுப்படி விளக்கு எரியும். கருப்பு ஆழமாக இருந்து என்ன பயன்?

காவிரிக்கரை எழுதியது:

இத்தனை விவரம் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. கேபின்காரர் ஐயா சொன்ன 42 பங்கு கணக்கை இன்று மதியம் முதலாளியிடம் சொன்னேன். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுக் காட்டினேன், ‘தலையே போய்விடுமா?’ என்று கேட்டார், சரி என்றுவிட்டார். மாஸ்கிங் துணி இருக்கிறதாம், கயிறுதான் அறுந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்கிறார். மீனா அக்கா சொன்ன படத்துக்கு எங்கள் குழுவில் பெரும்பாலோர் சம்மதித்துவிட்டார்கள், ‘அந்த நாள்’ இரண்டாவது காட்சிக்கு.

இப்போது அடுத்த சந்தேகம். 60 வருஷம் தாண்டின படத்துக்கு உரிமை எதுவும் கிடையாது, யாரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது சரியா?

கச்சேரி ரோடு எழுதியது:

பாதி சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருஷம். 1962இல் வந்த படத்துக்கு 2022 முடிவோடு அது தீர்ந்துவிட்டது. ஆனால் படத்துக்குள் இருக்கிற கதை, வசனம், பாடல் வரிகள், இசை இவற்றுக்குத் தனித்தனியாக உரிமை உண்டு, அது படைத்தவர் ஆயுளும் அதற்குப் பின் 60 வருஷமும். இந்தப் படத்துக்குப் பாட்டு எழுதின கண்ணதாசன் காலமானது 1981இல், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் படத்தை வைத்திருக்கிற நிறுவனத்தைக் கண்டுபிடித்து, ஒரு காட்சிக்கு மட்டும் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நல்ல பிரதியும் அவர்களிடம்தான் இருக்கும், எப்படியும் அந்த வாசலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சென்சார் சான்றிதழின் நகலையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், தியேட்டர்காரர் கேட்பார்.

அவர்களிடம் நல்ல பிரதி இல்லையென்றால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பாருங்கள். 1964இல் தொடங்கினது, பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் தேடிச் சேர்த்த இடம். பழைய சுருளில் இருக்கிற வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் சேர்த்து வைத்தார். கடிதத்தில் திரையிடும் தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் வர நேரம் ஆகலாம், அடுத்த மாதம் என்றால் இன்றைக்கே எழுதுங்கள்.

வைகை மீனா எழுதியது:

தம்பி, இன்னும் ஒன்று. நோட்டீஸ் அடிக்கும்போது ‘பழைய படம்’ என்று போடாதீர்கள். படத்தின் பெயர், தேவிகா, முத்துராமன், கல்யாண் குமார், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, ஸ்ரீதர் என்று அந்தக் காலச் சுவரொட்டி மாதிரியே போடுங்கள். ரேஷன் கடைப் பக்கம் ஒட்டுங்கள், பெரியவர்கள் கண்ணில் அங்கேதான் படும். முடிந்தால் நடக்க முடியாதவர்களுக்கு இரண்டு ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

ஆட்டோ நல்ல யோசனை அக்கா, எங்கள் தெருவிலேயே கேட்டுவிடுகிறேன். கேபின்காரர் ஐயா, கடைசியாக ஒன்று கேட்கிறேன். இடைவேளையை எங்கே விடுவது? கேன்டீன்காரர் சரியாக ஒரு மணி நேரத்தில் விடச் சொல்கிறார்.

கேபின்காரர் எழுதியது:

கடிகாரம் பார்த்து விடாதீர்கள். கோப்பில் ‘இடைவேளை’ என்று அட்டை இருந்தால் அங்கேயே விடுங்கள், அது இயக்குநர் தீர்மானித்த இடம். டிவிக்காக வெட்டின பிரதியாக இருந்து அட்டை போயிருந்தால், நடுவாக்கில் ஒரு காட்சி மெல்ல இருட்டி முடிகிற இடம் எப்படியும் இருக்கும், முந்தின நாள் சோதனையில் அதைக் கண்டுபிடித்து நிமிஷம் விநாடியோடு ஒரு தாளில் எழுதி கேபின் சுவரில் ஒட்டிவிடுங்கள். திரை முழுசாக இருண்ட பிறகுதான் அரங்கு விளக்கைப் போட வேண்டும், அதையும் மெதுவாக, ஒவ்வொரு வரிசையாக. எந்த ஞாயிறு என்று இங்கேயே போடுங்கள் தம்பி, பஸ் ஏறி வருகிறேன், துணி கட்டுவதற்கு ஒரு ஆள் கூட இருந்தால் நல்லதுதானே.